எண்ணெய் மில் அண்ணாச்சி முகம் பதிந்த கேக்

அப்பாவைப் பேச்சில் ஜெயிக்க முடியாது, கேக்கில் ஜெயித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியபோது, நான் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். மார்கழிக் காலை, பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு லீவு. ஆமத்தூரில் குளிர்காலம் என்றால் வெயில் ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்கு வரும், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு இப்படி ஏதாவது தோன்றிவிடும்.

ஜெயிக்க வேண்டிய விஷயம் இதுதான்: பள்ளி முடிந்ததும் நான் மதுரைக்குப் போய்க் கேட்டரிங் படிக்க வேண்டும். அப்பா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். படிப்புப் பேச்சை எடுத்தாலே அவர் இப்படித்தான் கேட்பார்.

"ஒங்கம்மா பாதி ஆயுசு தீப்பெட்டி ஆபீஸ், மீதி ஆயுசு அடுப்படின்னு கெடந்தா. நீயாவது வெளிய வருவேன்னு படிக்க வச்சா, பீஸு கட்டித் திரும்ப அடுப்படிக்கே போறேங்கிற?"

"அது வேற அடுப்படிப்பா."

"எப்படி, அங்கன வெங்காயம் உரிச்சா கண்ணு எரியாதோ?"

லீவு முடிவதற்குள் முடிவு சொல்கிறேன் என்றார். அந்த முடிவின் பெயர் பி.காம். என்பது தெருவுக்கே தெரியும்.

ஆகவே கேக். செய்முறை பக்கத்து வீட்டு ரஹீமா அக்காவுடையது. அவருடைய வீட்டுக்காரருக்கு விருதுநகரில் பலசரக்குக் கடை. மைதா, டால்டா, பேக்கிங் பவுடர் எல்லாம் அங்கிருந்தே வந்துவிட்டன. பழைய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, நடுவில் கேக் டின்னை வைத்து மூடிவிட்டால் அதுதான் எங்கள் ஓவன். எல்லாம் தயாரான பிறகு அக்கா கடைசி வரியைப் படித்தார்.

"டின்னுக்கு அடியில பட்டர் பேப்பர் விரிக்கணுமாம். அதுக்கு விருதுநகருக்குத்தான் ஆள் போகணும்."

"பேப்பர்தானக்கா? எங்க வீட்ல இல்லாத பேப்பரா?"

(இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் திரும்பப் பெற்றுக்கொள்ள முடிந்தால்...)

எங்கள் வீட்டில் புத்தக அட்டை, அலமாரி விரிப்பு, ஜன்னல் மறைப்பு எல்லாமே அப்பா கொண்டுவரும் வேஸ்ட் தாள்தான். அது காலண்டர் சீசன். அந்த வேஸ்ட் கட்டின் மேலே இருந்தவை ஓர் எண்ணெய் மில் அண்ணாச்சியின் காலண்டர்கள். சாமி படமெல்லாம் வேண்டாம், என் படத்தையே பெரிதாகப் போடுங்கள் என்று ஆர்டர் கொடுத்தவர் அவர். மூன்று முறை மாதிரி அச்சடித்து ப்ரூஃப் காட்டியாகிவிட்டது, மூன்று முறையும் திருப்பி அனுப்பிவிட்டார். "என்னயத் தக்காளிப் பழம் மாதிரி அடிச்சு வச்சிருக்கீக. எங்க ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது" என்பது அவருடைய புகார். மூன்று வாரமாக அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை நான்காவது ப்ரூஃப். அதுவும் தேறாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளைத்தான் வட்டமாக வெட்டினேன். பளபளப்பான பக்கம் மேலே இருந்தால் ஒட்டாது என்று கணக்குப் போட்டு, அச்சடித்த பக்கத்தை மேலே வைத்து, டால்டாவைத் தாராளமாகத் தடவினேன். (எண்ணெய்ப் பசை பட்டால் மை இளகும் என்பது ஒரு மெஷின்மேன் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?) டின்னுக்குள்ளிருந்து அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மாவை ஊற்றினேன். மாவு மீசையை மூடி, மூக்கை மூடி, நெற்றியையும் மூடியது. ஆள் மறைந்தார், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அன்று ஞாயிறு. அப்பா வீட்டில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் வெனிலா வாசனை முன்னறைக்குப் போய், "என்ன புள்ள, வாசம் பலமா இருக்கு?" என்று அவரையே கேட்க வைத்தது. நான் மனதுக்குள் மதுரைக்குப் போய் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டேன்.

எல்லோர் முன்னாலும் டின்னைத் தட்டில் கவிழ்த்தேன். தாளை உரித்தேன். தாள் கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது. அண்ணாச்சி கேக்கிலேயே தங்கிவிட்டார்.

அம்மாதான் முதலில், "யாருடி இவரு?" என்றாள்.

"என்னண்ணே, இப்பிடி முழிக்கிறீக?" என்றார் ரஹீமா அக்கா. "ஒங்களுக்குத் தெரிஞ்சவுகளா?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எந்த முகத்தை ஞாயிறு ஒரு நாளாவது பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தாரோ, அதே முகம். பி.காம். முதல் வருடத்துக்கு என்னென்ன பாடம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"மொகம் திரும்பி விழுந்ததுல மச்சம் எடம் மாறிருச்சு," என்றார். பிறகு மெதுவாக, "ஆனா இதுதான் கலரு. கேக்கு மஞ்சள்ல செவப்பு அமுங்கிருச்சு. இந்தக் கலரத்தான் அந்த மனுசன் மூணு வாரமாக் கேக்காரு."

அம்மா கத்தியை நீட்டியதும், "மை இருக்கு, யாரும் வாயில வச்சிராதீக" என்று தடுத்து, அண்ணாச்சியை ஒரு விரல் கனத்துக்கு அப்படியே அறுத்து எடுத்தார். கீழே மிஞ்சியதில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார்.

"பிரிண்டிங் பாஸு. கேக்கு பெயிலு. நடுவுல மாவு வேகல."

மறுநாள் அண்ணாச்சி டிபன் பாக்ஸில் ஏறிச் சிவகாசிக்குப் போனார். நான் வீட்டில் எந்த வேலையும் ஓடாமல் பஸ் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். அப்பாவுடைய ஆர்டர் போனால் என் மதுரையும் போகும். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். சட்டையைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். (சொல்லித் தொலைத்தால் என்ன?)

"செவப்பக் கொறச்சு மஞ்சளக் கூட்டி, அந்தக் கேக்கப் பக்கத்துல வச்சுப் பாத்துப் பாத்து ஓட்டினேன். அண்ணாச்சி வந்தாரு, பாத்தாரு. 'இப்பத்தான்யா நான் நானா இருக்கேன்'னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு."

"எங்கிருந்து கலர் எடுத்தீகன்னு கேக்கலையா?" என்றாள் அம்மா.

"கேட்டாரு. சொல்ற மாதிரியா இருக்கு?"

அன்றுதான் அந்த மாதத்தில் முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். சிரித்து முடித்து என் பக்கம் திரும்பினார்.

"போ தாயி, போய்ப் படி. மெஷினுக்கே வராத கலரு ஒனக்கு மணலுச் சட்டியில வருது. அந்த நடுவ வேகவைக்க மட்டும் அங்கன போய்க் கத்துக்க."

நான் கொல்லைப்பக்கம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மூச்சை முழுதாக விட்டேன். இரண்டு நாளாக அது பாதியிலேயே நின்றிருந்தது.

மதுரையில் படித்தேன், நடுவை வேகவைக்கவும் கற்றுக்கொண்டேன். இன்றும் நான் டின்னைக் கவிழ்க்கும்போது வீட்டில் யாராவது ஒருவர், "இன்னைக்கு யாரு வந்திருக்காக?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கேட்கட்டும். இந்த மார்கழிக்குக் கம்பு மாவும் கருப்பட்டியும் சேர்த்து ஒரு கேக் போடப்போகிறேன். அடியில் விரிக்க வாழையிலை வெட்டி வைத்தாயிற்று. பச்சை நிறம் இறங்குமா, கேக் எழும்புமா என்று எதுவும் தெரியாது. அடுப்பில் மணல் சூடாகிக்கொண்டிருக்கிறது.