நாய்க்குடை பிடுங்கிய ரைட்டர்

ஆடிச் சாரல் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் ஜெயகுமாரி வாசலில் நின்று போட்ட சத்தத்தில் நாகலூர் எஸ்டேட்டின் சில்வர் ஓக் மரங்களிலிருந்து குருவிகள் பறந்தன. கட்டிலில் கிடந்த புருசன் செல்வராஜ் மட்டும் பறக்கவில்லை.

"ஏனுங்க! நாய்க்குடைங்க!"

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் செல்வராஜுக்குக் கம்பளிக்குள் பாதிக் காதுதான் விழித்திருந்தது.

"நாய்க்கு உடையா? எனக்கே தீவாளிக்குத் தீவாளிதான் ஒரு சட்டை. அதுக்கு ஆடியிலயேவா?"

"நாய்க்கு உடை இல்லீங்க, நாய்க்குடை! விஷக் காளான்! ஊட்டச் சுத்தி வெள்ளவெளேர்னு மொளச்சுக் கெடக்குது. நம்ம ஜில்லு தின்னுபோட்டா?"

ஜில்லு அவர்கள் வளர்க்கும் நாய். செருப்பு, சோப்பு, ரைட்டரின் மூக்குக் கண்ணாடி என்று பேதம் பார்க்காத வாய். ஜெயகுமாரிக்கு அது உயிர். செல்வராஜுக்கும் உயிர்தான்; வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஏற்காடு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா லூர்துசெல்வி ஏற்கெனவே சொல்லியிருந்தார். எது நல்ல காளான், எது கெட்ட காளான் என்று ஆராய்ச்சி வேண்டாம். நாயை அவிழ்க்கும் முன் ஒரு சுற்று வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். மீறித் தின்றுவிட்டால் மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அந்த நிமிசமே ஓடி வர வேண்டும். முதலில் நாய் நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பி உட்கார்ந்தால் ஈரல் போய்விடும்.

"தெனம் அஞ்சரைக்கு நீங்கதான் புடுங்கோணும்," என்றாள் ஜெயகுமாரி.

"ஆபீசுலயே என்னத்தப் புடுங்கறேன்னு மேனேஜர் கேக்கறாரு. ஊட்டுலயுமா?"

"ஊட்டுலயாவது புடுங்குங்க."

அந்தக் கணமே செல்வராஜ் மனசுக்குள் சபதம் செய்தார். சேர்வராயன் மலையே சரிந்தாலும் சாரலில் குனிவதில்லை.

மறுநாள் அஞ்சரைக்குக் களைக்கொத்தும் சாக்குப்பையுமாகக் கம்பீரமாகக் கிளம்பினார். வேலியைத் தாண்டினார். நேராகக் காளியாயி டீக்கடை. ரெண்டு டீ, ஒரு போண்டா. திரும்பும்போது பத்து விரலையும் சேற்றில் முக்கி எடுத்தார். நடிப்பில் குறை வைக்கவில்லை.

"எத்தனீங்க?"

"இருவத்தி மூணு. இடுப்பு உட்டுப்போச்சு புள்ள."

அடுத்த நாள் முப்பத்தொன்று. அதற்கடுத்த நாள் நாற்பது. "நொம்ப சந்தோசமுங்க," என்று ஜெயகுமாரி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஆனால் ஜில்லுவின் சங்கிலியை மட்டும் அவிழ்க்கவேயில்லை. அது செல்வராஜுக்கு உறுத்தியது.

இப்படிக் கிளம்பிய எட்டாம் நாள் டீக்கடையிலிருந்து வந்தவர் சேற்றுக் கையோடு நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணு கூட இல்ல புள்ள! என்ற மேல நம்பிக்கை இல்லியா? இப்ப பாரு!"

சங்கிலியை அவிழ்த்துவிட்டார்.

ஜில்லு அம்பாகப் பாய்ந்தது. கொய்யா மரத்தடியில் ஒன்பது காளான்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. செல்வராஜ் வாயைத் திறப்பதற்குள் ஜில்லு வாயை மூடிவிட்டது. எட்டு உள்ளே. மிச்சம் ஒன்றுதான் அவர் கைக்குக் கிடைத்தது. பார்த்தார்.

காளான் மஞ்சளாக இருந்தது.

வெள்ளைக்கே ஈரல் போகும் என்றால் மஞ்சளுக்கு?

"ஐயோ சாமி!" காளானைக் காகிதத்தில் மடித்தார். நாயைத் தோளில் போட்டார். காலில் செருப்பில்லாமல் ஓடினார். ஜெயகுமாரியும் பின்னாலேயே ஓடினாள். கிளம்பிக்கொண்டிருந்த ஏற்காடு பஸ்ஸை நடுரோட்டில் மறித்தார்.

"நாய ஏத்தக் கூடாதுங்க," என்றார் கண்டக்டர்.

"இது நாயில்லீங்க, என்ற உசுரு!"

பஸ் முழுக்க ஜில்லு வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. "பாரு புள்ள, வெசம் ஏறி வாலு துடிக்குது!" என்று செல்வராஜ் கதறினார். ஜெயகுமாரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்து அவர் இன்னும் அழுதார்.

டாக்டரம்மா நாயை மேசைமேல் நிறுத்தினார். "கடைசியா எப்பங்க காளானப் புடுங்குனீங்க? உண்மையச் சொன்னாத்தான் மருந்து."

செல்வராஜ் மனைவியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். உடைந்தார்.

"ஒரு நாளும் புடுங்கலீங்க டாக்டரம்மா! எட்டு நாளும் டீக்கடைங்க! எட்டு போண்டாங்க! கையில இருக்கறது சும்மா சேறுங்க! இத மட்டும் காப்பாத்திக் குடுங்க, பள்ளத்துக் காளானையும் சேத்துப் புடுங்கறேன்!"

டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, எந்த ஊர்ல காட்டுக் காளான் மஞ்சத்தூள் போட்டுக் கழுவிக்கிட்டு மொளைக்குது?"

ஜில்லு ஏப்பம் விட்டது.

ஜெயகுமாரி முந்தானையை விலக்கினாள். "கடையில வாங்குன பாக்கெட்டுக் காளானுங்க டாக்டரம்மா. கொழம்புக்குக் கழுவி வெச்சேன். அதுல ஒம்பத எடுத்து, இவரு அங்குட்டு டீக்கடைக்குப் போனதும் நட்டு வெச்சேன். புடுங்கறாரான்னு பாக்கலாம்னுதான். இவரே சங்கிலிய அவுப்பாருன்னு கண்டனா?"

"அப்ப நெசக் காளான்?" என்றார் செல்வராஜ் ஈனசுரத்தில்.

"நீங்க ஆபீசு போனதும் தெனம் நாந்தேன் புடுங்கறேன். இன்னிக்கு மட்டும் இத நடறதுக்கு முன்னயே புடுங்கிப்போட்டேன்."

"அப்புறம் ஏம்புள்ள பஸ்ஸு பூரா அழுத?"

"ஆரு அழுதா? சிரிப்ப அடக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு."

அன்று மதியம் காளான் குழம்பு. சாப்பிடும்போதே தீர்ப்பும் வந்தது. நாளையிலிருந்து ரைட்டர் போகிற சுற்றில் ஜில்லுவும் சங்கிலியோடு கூடப் போகும், சாட்சிக்கு. அவர் குனிந்து பிடுங்கிப் புதைத்த பிறகு, அதையும் ஒரு நடை நடத்திக் கூட்டி வர வேண்டும். அது நனைந்தால் சளி பிடிக்கும். ஆகவே...

மறுநாள் விடிகாலை. நல்ல சாரல். முழங்கால் வரை சேறு, இந்த முறை நிஜச் சேறு. தெப்பலாக நனைந்து வந்த ரைட்டரைக் காளியாயி கடையிலிருந்து பார்த்துக் கூவினாள்.

"என்னுங்க ரைட்டரே, நாய்க்குடை புடுங்கறீங்களா?"

"அது முடிஞ்சுதுங்கக்கா. இப்ப நாய்க்குக் குடை புடிக்கறனுங்க."