கௌசல்யா விடாத கேட்ச்

வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டிய ஒரே ஒரு நொடியில் வாயைத் திறந்தவள் நான். டீச்சர் என்றால் அப்படித்தான் என்பார் என் கணவர்.

வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெண் பிள்ளைகளின் மென்பந்து கிரிக்கெட் அணியை அதிபர் என் தலையில் கட்டினார். எனக்கிருந்த ஒரே தகுதி, நான் மட்டும் சப்பாத்து போட்டு வந்ததுதான். (குதிகால் வெடிப்புன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?)

பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். ஆனால் மைதானத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. பந்து மேலே எழும்பினால் இரண்டு பேர் ஓடிவந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி மரியாதையாகப் பார்த்து நிற்பார்கள். பந்து நடுவில் விழும். சத்தம் போடாதே என்று வகுப்பில் பழக்கியவர்களே நாங்கள்தானே. அதனால் ஒரு விதி போட்டேன்: பிடிக்கப் போகிறவள் "எனக்கு" என்று கத்த வேண்டும், மற்றவர்கள் ஒதுங்க வேண்டும்.

ஒரு மாதத்தில் எல்லாரும் கத்தினார்கள், கௌசல்யாவைத் தவிர. பத்தாம் தரம். வரவு இடாப்பில் பெயர் கூப்பிட்டாலும் கையை மட்டும் தூக்குகிற பிள்ளை. பயிற்சி முடிந்ததும் அவளைத் தேயிலைச் சரிவின் பக்கம் நிறுத்திக் கத்தச் சொல்வேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து சிரிப்பார்கள். அவள் இன்னும் சுருங்கிப்போவாள்.

ஹட்டனில் வலய இறுதிப் போட்டி. கடைசிப் பந்து, எதிரணிக்கு இரண்டு ஓட்டம் தேவை. அடித்த பந்து உயரமாக எழும்பியது. அதற்கு நேர் கீழே கௌசல்யா. பக்கத்திலிருந்து அணித்தலைவி தர்ஷினியும் ஓடிவந்தாள்.

"எனக்கு!"

கத்தியது கௌசல்யா. மைதானம் முழுக்கக் கேட்டது. தர்ஷினி விதிப்படி நின்றுவிட்டாள்.

எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று, "கௌசி, விடு! தர்ஷினி எடுக்கட்டும்" என்று அலறினேன்.

டீச்சர் சொன்னால் கேட்கிற பிள்ளை. விரித்த கைகளை மடக்கிக்கொண்டாள். பந்து இருவருக்கும் நடுவில் ஈரப் புல்லில் விழுந்தது. எதிரணி அந்த இரண்டு ஓட்டத்தையும் ஓடி முடித்தது.

திரும்பும் வேனில் தர்ஷினி மட்டும் பேசினாள். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, கூப்பிட்டா மத்தவங்க ஒதுங்கணும்னு." நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் கௌசல்யா விளையாட வரவில்லை. பரீட்சைக்குப் படிக்கணும் என்றாள். நம்பியதுபோல் காட்டிக்கொண்டேன்.

போன வருடம் அவளை நானுஓயா ஸ்டேஷனில் கண்டேன். இடுப்பில் குழந்தை. பேச்சு அந்தப் போட்டிக்கே போனது.

"என்னாலதானே டீச்சர் தோத்தோம். நான்தானே கேட்ச விட்டேன்" என்றாள் சிரித்தபடி.

இத்தனை வருடமும் அப்படியே நினைத்திருக்கிறாள்.

"நீ விடல கௌசி. நான்தான் விட வச்சேன்."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள். ரயில் வந்துவிட்டது.

இதை வீட்டில் போய்ச் சொன்னேன். (சொல்லியிருக்கக் கூடாது.) இப்போது மகள் சைக்கிள் பழகும்போதோ, கணவர் கறிக்கு உப்புப் போடும்போதோ நான் வாயெடுத்தால், "டீச்சர், பந்து மேல இருக்கு" என்று இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள். நானும் கூடவே சிரிக்கிறேன்.

ஸ்டேஷனிலும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.