தானாக ஏறும் மோட்டார்

மோட்டார் மறுபடியும் மேலே ஏறிவிட்டது.

இப்போதுதான் மாப்பிள்ளை அதை இறக்கினார். படகின் பின்பக்கம் குப்புறப் படுத்து, மோட்டாரிலிருந்த பொத்தானை அமுக்கி, அது தண்ணீருக்குள் இறங்குவதைக் கண்ணாரப் பார்த்தார். அது தண்ணீருக்குள் இருந்தால்தான் படகு நகரும். ஸ்பானரைத் தேடிக் குனிந்தார். 'ங்ர்ர்ர்' என்றொரு சத்தம். நிமிர்ந்தால், அது வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

துறையில் மனைவி குடையோடு நின்றாள். அவள் தீர்ப்பு நேற்றே வந்தாகிவிட்டது: அப்பா இதில் ஒரு சுற்றுப் போய்வந்து நன்றாயிருக்கிறது என்றால் படகு இருக்கும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். மாப்பிள்ளைக்கோ அந்தப் படகு பெறாத பிள்ளை.

மாமனார் முதுகு வலியோடு ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்திருந்தார். "இந்தப் படகுல எல்லாமே பொத்தான்தான் மாமா, ஒரு விரல் போதும்" என்று பெருமையடித்து அங்கே உட்கார வைத்ததே மாப்பிள்ளைதான்.

"கிளம்பலாமா மாப்பிள்ளை?"

"இதோ மாமா. எண்ணெய்ல காத்து புகுந்திருக்கும்."

எண்ணெய் ஊற்றினார். பாதி மோட்டாருக்கு, பாதி சட்டைக்கு. மோட்டார் இறங்கியது. கையைத் துடைப்பதற்குள் ஏறியது.

வயரில்தான் கோளாறு என்று இரண்டு வயர்களை இடம் மாற்றினார். இப்போது இறக்கும் பொத்தானை அமுக்கினால் ஏறியது. தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே தானாக இறங்கியது.

"இறங்கிடுச்சே, அப்புறம் என்ன?" என்றாள் மனைவி.

"நான் இறக்கினா இறங்கணும். அதுவா இறங்கக் கூடாது."

வயர்களைப் பழையபடி மாட்டினார். பழைய குருடி கதவைத் திறடி என்று மோட்டார் மேலே போனது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"தானா எதுவும் ஏறாது சார். யாராவது அமுக்கினாத்தான் ஏறும்."

"படகுல நானும் என் மாமனாரும்தான்யா இருக்கோம். அவர் பாவம், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையலை."

"அப்ப அடியில ஒரு திருகு இருக்கும். லேசா தளர்த்துங்க, கையாலயே இறக்கிடலாம்."

லேசா என்பது மாப்பிள்ளையின் அகராதியிலேயே கிடையாது. திருகு கையோடு வந்துவிட்டது. மோட்டார் தொப்பென்று விழுந்தது. எண்ணெய் அவர் முகத்தில் பீய்ச்சியது. அதன்பின் எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை.

மனைவி குடையை மடக்கினாள். "வித்துடலாம்."

மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பாவம்மா, விக்கவேண்டாம். படகு அருமையான படகு. இந்த நாற்காலிதான் ரிப்பேர். வந்ததுலேர்ந்து இந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்கேன், முதுகு சாயவே மாட்டேங்குது."