மயில்கழுத்து பீரோவும் காற்றில் வந்த தண்ணீரும்

ஐயம்பேட்டை,
ஞாயிறு தொடங்கி புதன் முடிய.

மதிப்பிற்குரிய சம்பந்தி சபாபதி அவர்களுக்கு, யேசுதாஸ் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நானும் சம்பூர்ணமும் மகன் ஜான்சனும் பேத்தி சிம்ரனும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். போன் செய்திருக்கலாம். ஆனால் முதியோர் வகுப்பில் எழுத்து முழுவதும் முடித்தவன் போன் செய்வானா? டீச்சர் பிரவீனாதான், "ரொம்ப அழுத்துறீங்க தாத்தா, அடியில இருக்கிற பக்கத்துலயும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அழுத்தினால்தான் எழுத்து நிற்கிறது. எங்கள் வீட்டில் மேசை கிடையாது. இப்போது எழுத நல்ல சமமான இடம் ஒன்று கிடைத்திருக்கிறது.

விஷயம், கல்யாண பீரோ. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் மகளுக்கென்று தகடு வெட்டி, தானே வெல்டு வைத்துச் செய்த ஜான்சன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பீரோ எப்போதோ தயார். பெயிண்டுதான் நிற்கவில்லை. சிம்ரன் கேட்ட மயில்கழுத்து நிறத்தைக் கம்ப்ரசர் வைத்து அடித்தால், அம்மை போட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாக வந்தது, தேய்த்துவிட்டு மறுபடி அடித்தாலும் வந்தது, பார்த்தால் காற்றோடு தண்ணீரும் வருகிறது. ஜான்சன் தண்ணீர் பிடிக்கிற ஃபில்டர் ஒன்றை வாங்கி கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினான். ஃபில்டர் கிண்ணம் காய்ந்து கிடந்தது, பெயிண்ட் கன் தண்ணீர் துப்பியது. பிறகு ஈரம் உறிஞ்சும் நீல மணிகளை ஒரு டப்பாவில் நிரப்பி காற்றுக் குழாய்க்கு நடுவில் வைத்தான். மறுநாளே எல்லாம் வெளிறி ரோஸ் ஆகிவிட்டன. சம்பூர்ணம் அதை வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்கினாள், ஜவ்வரிசி வறுக்கிறாள் என்று நினைத்து நான் ஒரு பிடி கேட்டேன்.

அப்போதுதான் உமாபதி தன் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்தார். இந்த வீட்டை நாங்கள் வாங்கியது அவரிடம்தான். அவர் தறியை டவுனுக்குள் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார், நெய்கிறவர் கால் வைக்கும் குழி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. கம்ப்ரசர் சத்தத்தில் சீரியல் கேட்கவில்லை என்று சம்பூர்ணம் சண்டை போட்டதால், அதை அந்தக் குழிக்குள் இறக்கச் சொன்னவன் நான். உமாபதி எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா ஜான்சா, எதுக்கு அதைக் கொண்டுபோயி தறிக்குழில வெச்சிக்கிற?"

"காத்தைக் காய வெச்சிக்கினு இருக்கேன்ணா."

"அது ஈரம் இருக்கிறதுக்குன்னே நோண்டின குழிப்பா. காஞ்சுபோனா பட்டு இழை அறுந்துக்கினே இருக்கும்னு எங்கப்பா தெனம் தண்ணி தெளிப்பாரு. அந்தக் காத்தையா அடைச்சு அனுப்புற? பீரோவா, மீன் தொட்டியா?"

ஜான்சன் என்னைப் பார்த்தான். நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன்.

உடனே கம்ப்ரசரை மேலே ஏற்றி ஜன்னலோரம் வைத்தோம். காற்று சூடாகப் போனால் ஃபில்டர் பிடிக்காது, ஆறிப் போனால்தான் தண்ணீராகி விழும் என்று கடைக்காரர் சொன்னதால், சுவரைச் சுற்றி நீளமாகச் சரிவுக் குழாய் போட்டு, ஃபில்டரை அதன் கடைசியில் மாட்டினான். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் தினமும் திறந்து தண்ணீரை விடுவது என் வேலை. டீ நிறத்தில் ஒரு டம்ளர் வருகிறது. காற்றுக்குள் இவ்வளவு தண்ணீர் இருப்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை கடைசிப் பூச்சு அடித்தோம். ஒரு கொப்புளம் இல்லை, முகம் பார்க்கலாம். ஜான்சன் இரண்டு தட்டு சாப்பிட்டான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பீரோ உங்கள் வாசலில் குறையில்லாமல் நிற்கும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். கர்த்தரும் உங்கள் குலதெய்வமும் சேர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
யேசுதாஸ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்க எடுத்தபோது சிம்ரன் பார்த்துவிட்டாள். பெயிண்ட் அடிக்க பீரோவைப் படுக்க வைத்திருந்தார்கள். தொட்டால் கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்றுதான் அதன்மேல் தாளை வைத்து எழுதினேன். மேலே காய்ந்தாலும் உள்ளே பெயிண்ட் இன்னும் இளசாம். "மதிப்பிற்குரிய சம்பந்தி" தொடங்கி முழுவதும் இடது கதவில் பதிந்திருக்கிறது. தேய்த்து மறுபடி அடிக்கிறேன் என்கிறான் ஜான்சன், அப்படியானால் ஞாயிறு நடக்காது. "தேச்சீங்கன்னா நான் மணவறையிலேயே ஏறமாட்டேன்" என்கிறாள் சிம்ரன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். இந்தக் கடிதம் தபாலில் தாமதமானால் பரவாயில்லை, பீரோவிலேயே படித்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தேன், ஒரு வரிகூடக் கோணவில்லை.