ஒண்ணும் ஆகாது, செல்லம்

பல் டாக்டர் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் குப்புறப் படுத்திருந்தார். உள்ளே சுவரோரமாகச் சிப்பாய் நடுங்கிக்கொண்டிருந்தது. பேரில்தான் சிப்பாய். வாசலில் ஒரு குழந்தை வந்து நின்றால் போதும், டாக்டர் வரவேற்று முடிப்பதற்குள் நாய் கட்டிலடிக்குப் போய்விடும்.

"உங்க அக்கா நாளைக்கு மகளோட வராங்க," என்றாள் மனைவி. "பயந்த நாய்தான் கடிக்குமாம். அவங்க வந்து பார்க்கும்போதும் இப்படியே இருந்தா, யார்கிட்டயாவது குடுத்துடணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க."

சிப்பாய் இல்லாத வீட்டை டாக்டரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் வீம்பு விடுமா?

"பயத்தைப் போக்குறதுதானே என் தொழிலே! எத்தனை குழந்தைங்களை நாற்காலியில உட்கார வச்சிருக்கேன்!"

"ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுன்னு உங்க நர்ஸ் சொன்னாளே?"

"அவளுக்கு என்ன தெரியும்?"

எதிர்வீட்டுச் சிறுமியை பிஸ்கட்டோடு வரவழைத்தார். சிப்பாய் மெல்ல மூக்கை நீட்டியது. டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இருவருக்கும் பொதுவாக, "ஒண்ணும் ஆகாது, செல்லம்," என்று குழைந்தார்.

நாய் ஒரு பக்கம் ஓடியது, சிறுமி ஒரு பக்கம்.

"நாய் பயந்ததைப் பார்த்து அவளும் பயந்துட்டா," என்று டாக்டர் நோயைக் கண்டுபிடித்தார். "ஒரு குழந்தை போதாது. கூட்டமா வந்தாத்தான் பழகும்."

தெருக் குழந்தைகள் அத்தனை பேரும் வந்தார்கள். இந்தத் தடவை குரலில் இன்னும் கொஞ்சம் தேன் சேர்த்து அதையே சொன்னார். திரைச்சீலை கிழிந்தது, பூந்தொட்டி உடைந்தது. குழந்தைகளில் பாதிப்பேர் சுவர் ஏறிக் குதித்துப் போனார்கள்.

இத்தனை அமர்க்களத்திலும் டாக்டர் தன் கடமையை விடவில்லை. சிப்பாயை இழுத்து மடியில் கிடத்தி, வழக்கம்போல, "ஒண்ணும் ஆகாது, செல்லம்," என்று வாயைப் பிளந்து பல் தேய்த்துவிட்டார்.

மறுநாள் அக்கா வந்தபோது டாக்டர் குளித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கா மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலை வைத்துச் சிப்பாய் சொக்கிப் போயிருந்தது.

"சாதுவாத்தானேடா இருக்கு!" என்றாள் அக்கா.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. போன லீவில் தானே பல் பிடுங்கிவிட்ட மருமகளையும், தன் நாயையும் சேர்த்துத் தடவிக்கொடுத்து, "பாத்தீங்களா? ஒண்ணும் ஆகாது, செல்லம்!" என்றார்.

சிப்பாய் கட்டிலடிக்குப் பாய்ந்தது.

"நாளைக்கே குடுத்துடு," என்றாள் அக்கா. "குழந்தையைக் கண்டா இவ்வளவு பயமா? ஆமா, எங்கடா என் பொண்ணு?"

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, இதுக்கு என்னைக் கண்டா பயமே இல்ல. மாமா 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னா அடுத்து என்ன ஆகும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்!"