மாமாவின் காதும் லீவில் போன டிரைவரும்

ஊரெல்லாம் புளூடூத் வேலை செய்யவில்லை என்று தலையில் கை வைப்பார்கள். ஐயோ, அது வேலை செய்துவிடப் போகிறதே என்று தலையில் கை வைத்தவன் வல்வெட்டித்துறையிலேயே நான் ஒருவன்தான்.

காரணம் என் மாமா. மனைவி கேதீஸ்வரியின் தகப்பன். பெயர் பொன்னம்பலம். இளமை முழுக்கக் கடலோடும் லோஞ்சின் டீசல் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றவர். அந்த என்ஜின் இன்றைக்கும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறதாம். மாமாவின் காதுதான் எப்போதோ நின்றுவிட்டது. மாமி போன பிறகு எங்களோடு இருக்கிறார்.

கேதீஸின் காது அப்படியில்லை. நான் சாமியறைக்குள் நின்று பிஸ்கற் பெட்டியைத் திறந்தால், கிணற்றடியில் நிற்கிறவளுக்கு அது கிறீம் பிஸ்கற்றா சாதா பிஸ்கற்றா என்பதும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதன் மனம்விட்டுக் கதைக்க எங்கே போவான்? நான் மாமாவிடம் போனேன்.

பின்னேரம் வேலையால் வந்ததும் வீட்டுக்குப் பின்னால் வேம்பின் கீழ் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் மாமா. மற்றதில் நான். கத்தோலிக்கச் சனத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலிலே ஒரு கூடு இருக்கிறது. சைவனாகிய எனக்கு மாமா இருந்தார். எல்லாம் சொல்லுவேன். என் சீனி வருத்தத்துக்காகக் கேதீஸ் கட்டித் தரும் குரக்கன் புட்டு நான் வேலை செய்யும் கந்தோர்ப் பூனைக்குப் போவதைச் சொல்லுவேன். நான் நெல்லியடியில் ஒரு கடையில் குந்தி மட்டன் ரோல்ஸ் தின்பதைச் சொல்லுவேன். "இப்ப பூனையும் என்னைக் கண்டால் ஒளிக்குது மாமா" என்பதையும் மறைக்கமாட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய பாவம் ஸ்கூட்டி. கேதீஸின் ஸ்கூட்டியைக் கொண்டுபோய் எங்கள் கேற்றுத் தூணில் இடித்தவன் நான். பழியைப் போட்டது பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின் கிடாய் ஆட்டின் மேல். அன்றிலிருந்து கேதீஸும் குணலட்சுமியும் முகம் பார்ப்பதில்லை. மதிலுக்கு மேலால் வந்துகொண்டிருந்த கணவாய்க் கறியும் நின்றுவிட்டது.

"அந்தக் கிடாய் பாவம் மாமா. அது ஒண்டும் அறியாது."

மாமா தலையாட்டுவார். "ஓம்... ஓம்..."

பாரம் இறங்கிவிடும். நல்ல நித்திரை வரும்.

அந்த நித்திரைக்கு வெடி வைத்தவன் நோர்வேயில் இருக்கும் என் மச்சான் செந்தூரன். தகப்பனுக்கு ஒரு காது மெசினை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, அது எங்கள் கைக்கு வந்த அன்றே எனக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், அது புளூடூத் மெசின். சும்மா காதிலை வைச்சால் கேளாது. ஒருக்காக் கனெக்ட் பண்ணி, அப்பான்ரை காதுக்கு அளவாச் சத்தத்தைச் செற் பண்ணவேணும். போனிலையும் செய்யலாம், கொம்பியூட்டரிலையும் செய்யலாம். உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமே!"

சொல்லித்தரத் தேவையில்லைதான். கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் நான் கொம்பியூட்டர் பார்க்கிறவன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாருடைய பிரிண்டர் கடதாசியை விழுங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். திருத்தத் தெரிந்த கைக்குக் கெடுக்கத் தெரியாதா?

போனை வைத்ததும் யோசித்தேன். காது கேட்கிற மாமாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"தம்பி என்னவாம்?" என்றாள் கேதீஸ்.

"கொம்பியூட்டரிலை மட்டும்தான் செய்யலாமாம். சரியான கஸ்ரமான வேலையாம். என்னாலை மட்டும்தான் ஏலுமாம்."

மூன்று வசனம். மூன்றும் பொய்.

எங்கள் கொம்பியூட்டர் பழசு. அதற்குள் புளூடூத் கிடையாது. நகத்தளவு அடப்டர் ஒன்றைப் பின்பக்கத்தில் செருகியிருக்கிறேன். அதை இயக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். டிரைவரை அழித்துவிட்டால் அடப்டர் வெறும் பிளாஸ்டிக் துண்டு. அழித்தேன். திரையின் மூலையில் இருந்த நீல அடையாளம் மறைந்தது.

"இஞ்சாரும், டிரைவர் இல்லையாம்."

"ஆர் இல்லை?"

"டிரைவர்."

"மேசையிலை கிடக்கிற சாமானுக்கு என்னத்துக்கு டிரைவர்?"

"டிரைவர் இல்லாட்டில் யாழ்ப்பாணத்து பஸ் ஓடுமே? அதுமாதிரித்தான்."

"அப்ப கொண்டக்டர்?"

"கொண்டக்டர் தேவையில்லை."

"நேற்றுவரை இருந்த டிரைவர் இப்ப எங்கை போட்டார்?"

"லீவிலை."

"அப்ப ஒருக்கா நிப்பாட்டிப்போட்டு ஸ்ராட் பண்ணிப் பாப்பமே."

நான் தடுக்க முதல் அவளே நிற்பாட்டி, அவளே ஸ்ராட் பண்ணிவிட்டாள். விண்டோஸ் என்று சும்மாவா பெயர் வைத்தான்! வாசலால் நான் கலைத்த டிரைவரை அது யன்னலால் உள்ளே எடுத்துவிட்டது. மூலையில் நீல அடையாளம் நின்று பல்லைக் காட்டியது.

"டிரைவர் வந்திட்டார்!" என்று கேதீஸ் கை தட்டினாள்.

"உவர் தற்காலிக டிரைவர். லைசென்ஸ் இல்லாதவர்" என்றேன்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, வேறு ஏதோ அடப்டருக்குரிய டிரைவரைத் தேடிப் பிடித்து இதன் தலையில் ஏற்றினேன். திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று, நடுவில் ஆச்சரியக்குறியோடு வந்து உட்கார்ந்தது. இனி நூறு தரம் நிற்பாட்டி ஸ்ராட் பண்ணினாலும் அசையாது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, மஞ்சளாக் கிடக்கு?"

"மஞ்சள் காமாலை."

"கொம்பியூட்டருக்கோ?"

"டிரைவருக்கு."

"கீழ்க்காய்நெல்லி அரைச்சுத் தரட்டோ?"

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நெல்லியடியிலை பிரகாஸின்ரை கொம்பியூட்டர்க் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவமே?"

"உவனிட்டையோ? பேந்து என்ரை மானம் என்னத்துக்காகிறது?"

"அதுவும் சரிதான். நீங்களே பாருங்கோ. ஒரு அவசரமும் இல்லை. ஆறுதலாச் செய்யுங்கோ."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேதீஸ் என்னைப் பார்த்து 'ஆறுதலா' என்று சொன்னதே கிடையாது. நானோ அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மாமாவிடம் ஓடினேன். மெசின் அவர் காதில்தான் இருந்தது. பழகட்டும் என்று கேதீஸ் மாட்டிவிட்டிருந்தாள். அதனாலென்ன, கனெக்ட் பண்ணாத மெசினும் கடுக்கனும் ஒன்றுதானே.

"மாமா, குறை நினையாதையுங்கோ. உங்களுக்குக் காது வந்தால் எனக்கு வாய் போயிடும். அதுதான் டிரைவரைக் கெடுத்து வைச்சிருக்கிறன். கேதீசுக்கு இன்னும் விளங்கேல்லை. பாவம், கீழ்க்காய்நெல்லி அரைக்கப்போறாவாம்!"

மாமா தலையாட்டினார். வழமையைவிடக் கொஞ்சம் வேகம். கண்ணில் தண்ணீரும் வந்தது. வேப்பம்பூ விழுந்திருக்கும் என்று நினைத்தேன். வந்த உற்சாகத்தில் பழைய பாவங்களையும் ஒருமுறை திரும்பப் பாடினேன். பூனை, ரோல்ஸ், கேற்றுத் தூண், கிடாய்.

அடுத்த நாள் மத்தியானம் நெல்லியடிக் கடையில் போய்க் குந்தினேன். கடைக்காரர் ரோல்ஸ் தட்டை எட்டாத தூரத்துக்குத் தள்ளினார்.

"அண்ணை, அக்கா போன் எடுத்தவ. உங்களுக்கு ரோல்ஸ் குடுத்தால் கடை வாசலிலை வந்து குந்தியிருப்பாவாம். பிளேன்ரீ தாறன். சீனி போடாமல்."

கந்தோருக்குத் திரும்பினேன். என் மேசைக்கு முன்னால் எமில்ராஜ், என்னோடு வேலை செய்கிறவன், மடியில் பூனையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தான்.

"என்ன எமில் உது?"

"குறை நினையாதையுங்கோ அண்ணை. நீங்கள் புட்டைச் சாப்பிட்டு முடிக்குமட்டும் பூனையைப் பிடிச்சு வைச்சிருக்கச் சொல்லி அக்கா சொன்னவ."

சாப்பிட்டேன். பூனை என்னை இரக்கத்தோடு பார்த்தது.

பின்னேரம் மாமாவிடம் முறையிட்டேன். "மாமா, ஆரோ என்னைக் காட்டிக் குடுக்கிறாங்கள். எமில்ராஜ்தான் போலை. அவன்ரை முழியே சரியில்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"ஓம்... ஓம்..."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

சனிக்கிழமை காலை மதிலடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேதீஸும் குணலட்சுமியும்! கேதீஸ் அந்தக் கிடாய்க்கு வாழைப்பழம் தீத்திக்கொண்டிருந்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இனி ஒரே வழிதான். அவள் வாய் திறக்க முதல் நான் ஒரு பெரிய நன்மையைச் செய்து காட்டவேண்டும். மாமாவின் காதைத் திறந்துவிட்டால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும். கொம்பியூட்டருக்கு முன்னால் பாய்ந்து குந்தினேன். மஞ்சள் காமாலை டிரைவரைத் தூக்கி எறிந்தேன். சரியான டிரைவரைக் கொண்டுவந்து பதித்தேன். நீல அடையாளம் வந்தது. 'தேடு' என்றேன். தேடியது. மாமாவின் மெசினைக் காணவில்லை. அடப்டரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். காணவில்லை. எல்லாவற்றையும் நிற்பாட்டி மறுபடி ஸ்ராட் பண்ணினேன். காணவே காணவில்லை.  விளையாட்டாகக் கெடுத்தது உண்மையாகவே கெட்டுவிட்டதா?

"கேதீஸ்!" என்று குழறினேன். "இந்தமுறை சத்தியமா வேலை செய்யுதில்லை!"

கேதீஸ் அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மாமா. மாமாவுக்குப் பின்னால் கறிச்சட்டியோடு குணலட்சுமி.

"இந்தமுறையோ?" என்றாள் கேதீஸ். "அப்ப போனமுறை?"

நாக்கைக் கடித்தேன். பிந்திவிட்டது.

"சும்மா தேடாதையுங்கோ. அது என்ரை போனோடை சோடி சேந்து கிடக்கு. உங்கடை கொம்பியூட்டரிட்டை வராது."

"எப்ப சேந்தது?"

"உங்கடை டிரைவர் லீவிலை போன அண்டைக்கே. தம்பிக்குப் போன் எடுத்தனான். 'ஏனக்கா, போனிலையும் செய்யலாமெண்டு அத்தானுக்குச் சொன்னனானே' எண்டான். தேத்தண்ணி ஆற முதல் அப்பாவுக்குக் காது கேட்டிட்டுது."

"பேந்து ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அப்பாதான் மறிச்சவர். மருமோன் பின்னேரத்திலை வந்து என்னவோ வாயசைக்கிறவர், என்னவெண்டு கேட்டுப்போட்டுச் சொல்லுவம் எண்டார்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் துளியும் வெட்கப்படவில்லை.

"நல்லாக் கதைக்கிறீர் மருமோன்" என்றார். "இவ்வளவு காலமும் நீர் தேவாரம் சொல்லுறீர் எண்டெல்லோ நினைச்சுத் தலையாட்டினனான்."

குணலட்சுமி கறிச்சட்டியை மேசையில் வைத்தாள். கணவாய். மணம் மூக்கைத் துளைத்தது.

"உங்களுக்கும் தரலாம் அண்ணை" என்றாள். "முதல் எங்கடை கிடாயிட்டை மன்னிப்புக் கேட்டுப்போட்டு வாங்கோ."

கேட்டேன். மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கக் கேட்டேன். கிடாய் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டது.

பின்னேரம் நான் உள்ளேயே பதுங்கியிருந்தேன்.

"ஏன், அப்பாவோடை இண்டைக்குக் கதையொண்டும் இல்லையோ?" என்று கேதீஸ் குசினிக்குள் சமைத்துக்கொண்டே கேட்டாள். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. எழும்பிப் போனேன். மாமா தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, மெசினை ஒருமுறை தட்டிச் சரிபார்த்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். குசினிக்கும் கேட்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினேன்.

"மாமா, உங்கடை மகளைப் போலை ஒரு மனுசி கிடைக்க நான் குடுத்துவைச்சிருக்கவேணும். என்ன ஒரு பொறுமை! என்ன ஒரு அடக்கம்! என்னை ஒரு சொல்லுச் சொல்லியிருப்பாவே? அந்தக் குரக்கன் புட்டைச் சாப்பிடச் சாப்பிட, இன்னும் கொஞ்சம் தரமாட்டாவோ எண்டு..."

மாமா கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெசினை மெல்லக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"உந்தப் பொய்யைக் கேக்கவோ என்ரை பெடியன் நோர்வேயிலை இருந்து மெசின் அனுப்பினவன்?"