நடுவருக்கு ஒரே ஒரு மெயில்

நடுவருக்குப் போக வேண்டியது ஒரே ஒரு மெயில். போயிருந்ததோ அறுபத்துச் சொச்சம்.

"நோயல், என் மெயில் பெட்டி நிரம்பி வழியுது," என்றார் கோரல் ஹைன்ரிக் தொலைபேசியில். மல்லவீனா கண்காட்சிச் சங்கத்தின் தலைவி அவர். எந்த மெயில் போனாலும் அவருக்கு ஒரு நகல் போயாக வேண்டும். "ஒரு மெயில்ல ஒரு கேக்கு, அடுத்ததுல ஒரு ஸ்கோன். என்ன, ஊட்டி விடறீங்களா?"

"ஒரு சின்னத் தப்பு. இதோ சரி பண்ணிடறேன்," என்றார் நோயல் டிரெம்பாத். எது தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

கோதுமை வயலை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த வருடம்தான் சமையல் போட்டிக்குச் செயலாளராகியிருந்தார். போட்டியாளர்கள் இணையத்தில் பதிவார்கள், அது ஒரு பட்டியலில் சேரும், பட்டியல் முழுவதையும் ஒரே மெயிலாகக் கட்டி ஒரு மென்பொருள் தானாகவே நடுவருக்கு அனுப்பிவிடும். திட்டம் அதுதான். மெயிலில் பதிவு எண்ணும் பிரிவும் மட்டும் இருக்க வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் போட்டியே செல்லாது.

அதிலும் அவருக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. அவர் மனைவி மோரினும் பழக் கேக் போட்டியில் இருந்தாள். ஒரு காலத்தில் முதல் பரிசான நீல ரிப்பன் என்றால் மோரின்தான். ஆனால் ஐந்து வருடங்களாக அது கோரல் வீட்டுக்குத்தான் போகிறது. "என் கைமணம் போயிடுச்சு. இந்த வருஷம் பார்ப்பேன், இல்லைன்னா விட்டுடுவேன்," என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் ஜெயிக்க வேண்டும், ஆனால் புருஷன் தயவில் ஜெயித்தாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

மென்பொருளைத் திறந்து உற்றுப் பார்த்தார். மெயிலுக்குள் பதிவு எண்ணை வைத்ததுமே, அதைச் சுற்றி 'ஒவ்வொன்றுக்கும்' என்று ஒரு பெட்டி தானாக முளைத்திருந்தது; அதனால்தான் பதிவுக்கு ஒரு மெயிலாகப் போயிருந்தது. அவர் கேட்கவே இல்லை. அழித்தால் மறுபடி முளைத்தது.

இணையப் பாடம் வேறு வழி சொன்னது. காலியாக ஓர் இடம் வைத்துக்கொள், பதிவுகளை ஒவ்வொன்றாக அதில் சேர்த்துக்கொண்டே வா, கடைசியில் அனுப்பு. நோயல் சேர்த்தார். ஆனால் அனுப்பும் வேலையை அந்தப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார்.

மீண்டும் தொலைபேசி அடித்தது.

"இப்ப மெயிலெல்லாம் வளர ஆரம்பிச்சிருக்கு," என்றார் கோரல். "முதல்ல ஒரு கேக்கு, அடுத்ததுல ரெண்டு, அதுக்கடுத்து மூணு. பாவம் நம்ம நடுவர் இசபெல், எண்பது வயசு. படிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த கண்காட்சி வந்துடும்."

மோரின் எட்டிப் பார்த்தாள். "ஒரு தாள்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பினா ஆகாதா?"

"ஆகும். ஆனா தானா போகாதே."

"இப்ப மட்டும் நீ சும்மாவா உட்கார்ந்திருக்கே?"

நோயல் அதைக் காதில் வாங்காமல், பாடத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். எல்லாப் பதிவையும் ஒரே அட்டவணையாக்கு, பத்திகளை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்றது அது. அழுத்தினார். ஒரே மெயில் போனது. கோடு போட்ட அழகான அட்டவணை. நோயலுக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்திகளை மென்பொருள் நன்றாகவே பார்த்துக்கொண்டது. எண், பிரிவு, அவற்றுக்குப் பக்கத்தில் பெயர். எல்லாருடைய பெயரும். போதாக்குறைக்கு, பதிவு ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்க மோரினின் பெயரருகே அவர் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். அதுவும் மின்னியது.

'திரும்பப் பெறு' என்ற பொத்தானைப் பாய்ந்து அழுத்தினார். 'நோயல் டிரெம்பாத் இந்த மெயிலை நீங்கள் பார்க்க வேண்டாம் என்று விரும்புகிறார்' என்று நடுவருக்கும் கோரலுக்கும் அறிவிப்பு போனது. பதறிப்போய், 'முந்தைய மெயிலைத் தயவுசெய்து திறக்காதீர்கள்' என்று பதில் எழுதினார். அதன் அடியில் முந்தைய மெயில் முழுசாக ஒட்டிக்கொண்டு போனது.

இந்த முறை கோரலின் குரல் தணிந்திருந்தது. அது இன்னும் மோசம்.

"நோயல், உங்க வீட்டம்மா பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கு."

"அது சோதனைக்கு, கோரல்."

"எனக்கு நம்பிக்கை இருக்கு. ஊர் நம்பணுமே."

"இசபெலுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடவா?"

"பண்ணிப் பாருங்க. அந்தம்மா பகல்ல போன் எடுத்து நான் பார்த்ததில்லை."

எடுக்கவில்லை. மறுநாள் காலையும் எடுக்கவில்லை.

கண்காட்சித் திடலின் தகரக் கொட்டகையில், வெள்ளைத் தட்டுகளில் எண் சீட்டோடு கேக்குகள் வரிசையாகக் காத்திருந்தன. இசபெல் மெக்காஸ்லன் நேராக வேலையில் இறங்கிவிட்டார். நடுவர் ருசிக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. நோயல் கத்தியையும் தண்ணீரையும் ஏந்திக்கொண்டு வாயை மூடிப் பின்னால் நடந்தார்.

இசபெல் ஒரு துண்டு வெட்டினார், மோந்தார், கண்ணை மூடி மென்றார், தலையாட்டினார். ஓர் அசைவில் கூட அவசரமில்லை. ஆனாலும் மத்தியானம் வரை இழுக்கும் வேலை, காலைத் தேநீருக்கு முன்பே முடிந்தது.

நீல ரிப்பன் மோரினின் கேக்கில் இருந்தது.

கயிற்றுக்கு அப்பால் நின்ற மோரின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐந்து வருட அழுகை. கோரல் நோயலைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். மனைவி அழுது முடிப்பதற்குள் அவள் பரிசைத் தானே பிடுங்க வேண்டும். வேறு வழியில்லை.

இசபெலைக் கொட்டகையின் மூலைக்கு அழைத்துப் போனார்.

"அம்மா, தப்பு என்னுது. பேரெல்லாம் மெயில்ல வந்துடுச்சு. அந்த நட்சத்திரமும் நான் போட்டதுதான். நீங்க நேர்மையா ருசி பார்த்திருப்பீங்க, ஆனா இந்தப் போட்டி செல்லாதுன்னு நானே அறிவிச்சுடறேன்."

இசபெல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்லாதுன்னு சொல்லி என்னை மாட்டி விட்டுடாதே தம்பி. நாக்குல ருசி செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. உன் மெயில்ல பேரைப் பார்த்துத்தான் கொடுத்தேன். வருஷா வருஷம் மோரின் கேக்குக்குத்தான் கொடுக்கணும்னு வருவேன், எது அவளுதுன்னு தெரியாம, கேக்குல பதிஞ்சிருக்கிற நசுங்கின டின் தடத்தை வெச்சு கோரல் கேக்கைத்தான் கண்டுபிடிக்க முடிஞ்சது, அதுக்கே கொடுத்துட்டேன்."